காலேஜ் பார்க்கில் முதல் பெட்டி: அமெரிக்க தேசிய ஆவணக்காப்பகத்தில் ஆய்வு செய்யப் போகிறவர்களுக்கு

அமெரிக்க வெளியுறவு, இரண்டாம் உலகப்போர், பனிப்போர் என்று எதைப் பற்றி எழுத உட்கார்ந்தாலும் ஒரு கட்டத்தில் மூல ஆவணம் தேவைப்படும். அது பெரும்பாலும் மேரிலாந்து மாநிலத்தில் காலேஜ் பார்க் என்ற ஊரில், அடெல்ஃபி சாலையில் உள்ள தேசிய ஆவணக்காப்பகத்தின் இரண்டாவது கட்டடத்தில் இருக்கும். அங்கே நுழையக் கட்டணம் கிடையாது. பெரிய பட்டமோ பேராசிரியரின் பரிந்துரைக் கடிதமோ கேட்பதில்லை. வெளிநாட்டவருக்கும் அதே விதிகள்தாம். இருந்தும் முதல்முறை போகிறவர்களில் பலர் முதல் இரண்டு மூன்று நாட்களை ஆவணப் பெட்டியே பார்க்காமல் தொலைக்கிறார்கள். வீட்டில் செய்ய வேண்டிய வேலையை அங்கே போய்ச் செய்வதுதான் காரணம்.

1. தலைப்பைத் தேடாதீர்கள், எழுதிய அலுவலகத்தைத் தேடுங்கள்

நூலகத்தில் "வங்கதேசப் போர்" என்று கேட்டால் அந்த அலமாரியைக் காட்டுவார்கள். ஆவணக்காப்பகத்தில் அப்படி ஓர் அலமாரியே இல்லை. காகிதங்கள் எந்த அரசு அலுவலகத்தில் உருவானதோ அந்த அலுவலகத்தின் பெயரில், அது வைத்திருந்த வரிசையிலேயே கிடக்கின்றன. ஒவ்வொரு துறைக்கும் ஓர் எண் உண்டு. ஆங்கிலத்தில் ரெக்கார்ட் குரூப், பேச்சுவழக்கில் ஆர்ஜி. வெளியுறவுத் துறையின் தலைமையகக் கோப்புகள் ஆர்ஜி 59. வெளிநாட்டுத் தூதரகங்களும் துணைத் தூதரகங்களும் தம்மிடம் வைத்திருந்த கோப்புகள் ஆர்ஜி 84. சென்னைத் துணைத் தூதரகத்தின் பழைய கோப்புகளை இதில்தான் தேட வேண்டும். போர்க்கால உளவு அமைப்பான ஓஎஸ்எஸ் ஆர்ஜி 226. ராணுவத்தின் தொலைத்தொடர்புப் பிரிவான சிக்னல் கோர் எடுத்த புகைப்படங்கள் ஆர்ஜி 111.

ஆகவே முதல் கேள்வி இப்படி இருக்கட்டும்: நான் தேடும் விஷயத்தைப் பற்றி அந்த நாளில் யார் யாருக்கு எழுதியிருப்பார்கள்? டாக்காவிலிருந்த அமெரிக்கத் துணைத் தூதர் வாஷிங்டனுக்குத் தந்தி அடித்தார் என்றால் தந்தியின் தலைமையகப் பிரதி ஆர்ஜி 59-இல் இருக்கும். அவர் அலுவலகத்தில் வைத்துக்கொண்ட பிரதியும் உள்ளூர்க் கடிதங்களும் ஆர்ஜி 84-க்குப் போயிருக்கும். இரண்டும் ஒன்றல்ல. தலைமையகத்துக்கு அனுப்பாத சில்லறை விவரங்கள், யாரைச் சந்தித்தோம் என்ற குறிப்புகள் எல்லாம் 84-இல்தான் அகப்படும்.

2. வீட்டிலிருந்தே முடிந்துவிடுமா என்று பாருங்கள்

கீழ்க்கண்டவற்றைத் துழாவாமல் விமானச் சீட்டு வாங்காதீர்கள். எல்லாமே இலவசம்.

வெளியுறவுத் துறையின் வரலாற்று அலுவலகம் தேர்ந்தெடுத்த ஆவணங்களைத் தொகுதி தொகுதியாக வெளியிடுகிறது. ஆங்கில முதலெழுத்துகளைச் சேர்த்து இதை "ஃப்ரஸ்" என்பார்கள். தொகுதிகள் இணையத்தில் கிடைக்கின்றன. 1971 தெற்காசிய நெருக்கடிக்கென்றே தனித் தொகுதி இருக்கிறது.

1973 ஜூலை முதல் 1979 வரையிலான வெளியுறவுத் தந்திகள் காப்பகத்தின் "ஏஏடி" என்ற தரவுத்தளத்தில் உள்ளன. "மெட்ராஸ்" என்று ஆங்கிலத்தில் தட்டினால் சென்னையிலிருந்து போன தந்திகள் வந்து கொட்டும். இதில் ஒரு பொறி: 1975 டிசம்பர் முதல் பாதி, 1976 மார்ச், ஜூன் மாதங்களின் பெரும்பகுதி ஆகியவற்றின் தந்திகள் மின்னணு வடிவில் அழிந்துவிட்டன. அந்த நாட்களில் எதுவும் கிடைக்காவிட்டால் எதுவும் எழுதப்படவில்லை என்று முடிவு கட்டிவிடாதீர்கள். (தமிழ்நாட்டு ஆட்சி கலைக்கப்பட்ட 1976 ஜனவரி 31 இந்த ஓட்டைக்குள் விழவில்லை. ஆய்வாளர்களின் அதிர்ஷ்டம்.)

இவை தவிர சிஐஏ 2017 ஜனவரியில் இணையத்தில் ஏற்றிய ஆவணத் தொகுப்பு, அமெரிக்க நாடாளுமன்ற நூலகமான காங்கிரஸ் நூலகத்தின் பழைய செய்தித்தாள் தளம், காப்பகத்தின் சொந்த கேட்டலாக் (இணைய ஆவணப் பட்டியல்). கேட்டலாகில் படமாக்கப்பட்டவை மொத்தத்தில் சிறு பங்குதான். அதில் இல்லை என்பதால் காப்பகத்திலேயே இல்லை என்று ஆகாது.

3. அடிக்குறிப்பிலிருந்து பெட்டி எண்ணுக்கு

இந்த வழிகாட்டியில் ஒன்றை மட்டும்தான் கவனமாகப் படிப்பேன் என்றால், அது இந்தப் பகுதியாக இருக்கட்டும்.

ஃப்ரஸ் தொகுதியில் ஒவ்வோர் ஆவணத்தின் அடியிலும் அது எங்கிருந்து எடுக்கப்பட்டது என்ற குறிப்பு இருக்கும். பலர் அதைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். உங்களுக்கு வேண்டிய முகவரியே அதுதான். அந்தக் கோப்பில் அச்சான ஆவணத்துக்கு முன்னும் பின்னும் அச்சேறாதவை பல கிடக்கும். அவற்றுக்காகத்தான் நீங்கள் போகிறீர்கள்.

ஆர்ஜி 59-இன் மையக் கோப்புகளுக்கு மூன்று காலங்களில் மூன்று முறைகள்.

1910 முதல் 1963 ஜனவரி வரை தசம எண் முறை. 845.00 என்பதைப் பிரித்தால் 8 என்பது உள்நாட்டு விவகாரம், 45 இந்தியா, .00 அரசியல். இலங்கைக்கு 46இ. (ஆங்கில ஐந்தாம் எழுத்தைத்தான் "இ" என்று குறிக்கிறேன்; பெட்டி கேட்டுக் கொடுக்கும் சீட்டில் ஆங்கிலத்தில் எழுதுங்கள்.) பலர் வழுக்கி விழும் இடம் 1950. அந்த ஆண்டு எண்களை மாற்றிவிட்டார்கள். அதன் பிறகு இந்திய உள்நாட்டு அரசியல் 791.00, இலங்கை 746இ.00, அமெரிக்க–இந்திய உறவு 611.91. பழைய பழக்கத்தில் 1955-க்கும் 45 என்று எழுதிக் கொடுத்தால் வீண். புதிய முறையில் 45ஏ என்பது தென்னாப்பிரிக்கா.

எண்ணுக்குப் பின் வரும் சாய்கோட்டையும் படிக்கத் தெரிய வேண்டும். 845.00/8-1547 என்றால் 1947 ஆகஸ்ட் 15 தேதியிட்ட ஆவணம்: மாதம், நாள், ஆண்டு. நம் ஊர்ப் பழக்கத்தில் நாளை முதலில் படித்தால் தவறான உறையைப் புரட்டுவீர்கள். 1940-களின் நடுப்பகுதிக்கு முந்தையவற்றில் சாய்கோட்டுக்குப் பின் தேதி இராது, வெறும் வரிசை எண் இருக்கும்.

இந்தத் தசமக் கோப்புகளும் ஒரே நீளமாக அடுக்கப்படவில்லை. 1910–29, 1930–39, 1940–44, 1945–49, 1950–54, 1955–59, 1960–63 என்று தனித்தனிக் கட்டுகள். உங்கள் ஆய்வு 1948 முதல் 1952 வரை என்றால் இரண்டு கட்டு, இரண்டு எண், காப்பகம் போட்டு வைத்த இரண்டு பெட்டிப் பட்டியல்.

1963 பிப்ரவரி முதல் 1973 வரை எழுத்தும் எண்ணும் கலந்த முறை. அரசியலுக்கு "பிஓஎல்", பாதுகாப்புக்கு "டெஃப்". டாக்கா துணைத் தூதர் ஆர்ச்சர் பிளட் அமெரிக்க அரசின் கொள்கையை எதிர்த்து 1971 ஏப்ரல் 6 அன்று அனுப்பிய தந்தி "பிஓஎல் 1 பாக்–யூஎஸ்" கோப்பில் உள்ளது. பெட்டிப் பட்டியலில் அந்தப் பெயரையே தேடினால் நேராக அகப்படாது. "பிஓஎல் பாக்–யூஎஸ் முதல் பிஓஎல் 17-1 பாக்–யூஎஸ் வரை, பெட்டி 2535" என்று தொடக்கமும் முடிவும் மட்டும் போட்டிருப்பார்கள். அகராதியின் பக்கத் தலைப்பில் முதல் சொல், கடைசிச் சொல் பார்ப்பதுபோல, நம் கோப்பு எதற்கும் எதற்கும் நடுவில் விழுகிறது என்று பார்க்க வேண்டும்.

1973 ஜூலைக்குப் பின் மேலே சொன்ன மின்னணுத் தந்திகள்.

ஃப்ரஸ் மட்டுமல்ல, உங்கள் தலைப்பில் வந்த நல்ல ஆய்வு நூல்களின் அடிக்குறிப்புகளையும் இப்படியே சலித்து ஒரு பட்டியல் போடுங்கள்: ஆர்ஜி எண், தொடரின் (ஆர்ஜிக்குள் ஒன்றாக வைத்த கோப்புத் தொகுதியின்) பெயர், கோப்பு எண், பெட்டி எண். முப்பது நாற்பது வரி சேர்ந்தபிறகு பயணத்தைப் பற்றி யோசிக்கலாம்.

4. சரியான ஊருக்குத்தான் போகிறீர்களா?

வாஷிங்டன் நகருக்குள் பென்சில்வேனியா அவென்யூவில் உள்ள பழைய கட்டடத்தில் காங்கிரஸ் ஆவணங்கள், முதல் உலகப்போருக்கு முந்தைய ராணுவக் கோப்புகள், உள்நாட்டுப் போர் ஓய்வூதியக் கோப்புகள் போன்றவை. இருபதாம் நூற்றாண்டு வெளியுறவு, ராணுவம், வரைபடம், புகைப்படம், திரைச்சுருள் ஆகியவை பெரும்பாலும் காலேஜ் பார்க்.

வெள்ளை மாளிகைக் காகிதங்கள் இரண்டிலும் இல்லை. 1971 வங்கதேசப் போரில் குடியரசுத் தலைவர் நிக்சனின் ஆலோசகர் கிசிஞ்சரின் தரப்பைப் பார்க்கக் காலேஜ் பார்க் போய்ப் பயனில்லை. தேசியப் பாதுகாப்புக் குழுக் கோப்புகள் கலிபோர்னியாவில் யோர்பா லிண்டா ஊரின் நிக்சன் நூலகத்தில் உள்ளன. மற்றக் குடியரசுத் தலைவர்களின் நூலகங்களில், ட்ரூமனுக்கு மிசூரியின் இண்டிபென்டன்ஸ், ஐசனோவருக்குக் கான்சஸின் அபிலீன், கென்னடிக்கு பாஸ்டன், ஜான்சனுக்கு ஆஸ்டின். ஒரே பயணத்தில் எல்லாவற்றையும் முடிக்க ஆசைப்படாதீர்கள். நாடு பெரியது.

இருபதாம் நூற்றாண்டுப் படைவீரர்களின் பணிக்கோப்புகள் செயின்ட் லூயிஸில். 1973 தீவிபத்தில் 1912 முதல் 1960 வரை பணி முடித்த தரைப்படையினரின் கோப்புகளில் சுமார் 80 சதவீதம் எரிந்துபோயின. அங்கே எழுதிக் கேட்கும்போது இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். சான் பிரான்சிஸ்கோ வழியாக அமெரிக்காவுக்குக் குடியேறியவர்களைத் தேடுகிறவர்கள் கலிபோர்னியாவின் சான் புரூனோ கிளையைப் பார்க்க வேண்டும்.

5. போகுமுன் ஒரு மின்னஞ்சல்

குறைந்தது ஆறு வாரங்களுக்கு முன் எழுதுங்கள். "இந்திய வரலாறு பற்றி என்ன வைத்திருக்கிறீர்கள்?" என்று கேட்டால் பொதுவான இணைப்பு ஒன்று பதிலாக வரும். "ஆர்ஜி 59, 1955–59 தசமக் கோப்பு, 791.00, ஃப்ரஸ் பார்த்துவிட்டேன், இந்தப் பெட்டிகள் திறந்திருக்கின்றனவா? ஆர்ஜி 84-இல் சென்னைத் துணைத் தூதரகத்துக்கு அதே ஆண்டுகளின் பட்டியல் உண்டா?" என்று கேளுங்கள். ஆவணக்காப்பாளர் உங்களை வேலை தெரிந்தவராக நடத்துவார். சில தொடர்கள் வேறிடத்துக்கு மாற்றப்பட்டிருக்கலாம், சில படமெடுப்புக்காக வெளியே போயிருக்கலாம். அதை இங்கிருந்தே தெரிந்துகொள்வது எவ்வளவோ மேல்.

உங்களுக்குத் தேவை இரண்டு மூன்று பெட்டிகள் மட்டும் என்றால் பயணமே வேண்டாம். கூலிக்கு ஆய்வு செய்து தருபவர்களின் பட்டியல் காப்பகத்தின் தளத்திலேயே இருக்கிறது. விமானக் கட்டணத்தில் சிறு பகுதிக்கு வேலை முடிந்துவிடும்.

6. விசா, செலவு, தேதி

இந்தியாவிலிருந்தோ இலங்கையிலிருந்தோ சொந்தமாக ஆய்வுக்குப் போகிறவர்களுக்கு பி1 வகை விசா பொருந்தும். சுயேச்சையான ஆய்வு அதில் அடங்கும். அமெரிக்க நிறுவனம் ஏதாவது உதவித்தொகை தருகிறது என்றால் எந்த வகை என்று அவர்களிடமே எழுத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். விண்ணப்பக் கட்டணம் 185 டாலர். விசா மறுக்கப்பட்டாலும் திரும்ப வராது. 2025-இல் இயற்றிய சட்டம் விசா பெறுபவர்களுக்கு இன்னொரு 250 டாலர் விதிக்க வழி செய்திருக்கிறது. விண்ணப்பிக்கும் நாளில் நிலைமை என்ன என்று தூதரகத் தளத்தில் பாருங்கள். நேர்காணல் தேதிக்கு மாதக்கணக்கில் காத்திருக்க நேரலாம், ஆகையால் விசா கையில் வந்தபிறகே சீட்டும் தங்குமிடமும். நேர்காணலுக்குப் போகும்போது ஆவணக்காப்பாளரின் பதில் மின்னஞ்சலையும் பெட்டிப் பட்டியலையும் அச்செடுத்துக் கையோடு வைத்திருங்கள். என்ன வேலையாகப் போகிறீர்கள் என்ற கேள்விக்கு அதைவிடத் தெளிவான பதில் இல்லை.

காப்பகத்துக்குள் செலவு மிகக் குறைவு. ஆய்வாளர் அட்டை, லாக்கர், சொந்தக் கேமராவில் படம் எடுப்பது எல்லாம் இலவசம். நகல் இயந்திரத்துக்கு மட்டும் பக்கத்துக்கு இவ்வளவு என்று காசு. பணம் எல்லாம் விமானத்துக்கும் அறைக்கும்தான் போகும்.

எத்தனை நாள் என்று இப்படிக் கணக்குப் போடுங்கள். பெட்டிகளை முழுதாகப் படம் எடுத்தால் ஒரு நாளைக்கு இரண்டு மூன்றுதான் முடியும். பொறுக்கி எடுத்தால் ஆறு ஏழு. நாற்பது பெட்டிக்கு, பொறுக்கி எடுத்தாலும், ஏழு வேலை நாள். அதோடு முதல் நாளை அட்டைக்கும் அறிமுகத்துக்கும், கடைசி நாளை விட்டதைப் பிடிக்கவும் ஒதுக்குங்கள். சனி, ஞாயிறு, கூட்டரசு விடுமுறை மூடல். மே கடைசித் திங்கள், ஜூன் 19, ஜூலை 4, செப்டம்பர் முதல் திங்கள் எல்லாம் நம் நாட்காட்டியில் இல்லாத விடுமுறைகள், பார்த்து ஒதுங்குங்கள்.

அக்டோபர் தொடக்கத்தைத் தவிர்ப்பது நல்லது. அமெரிக்க அரசின் நிதியாண்டு அக்டோபர் 1-இல் தொடங்குகிறது. நிதி ஒதுக்கீடு நிறைவேறாவிட்டால் அரசு முடங்கும், ஆய்வறைகள் பூட்டப்படும். 2018 டிசம்பரில் தொடங்கிய முடக்கம் 35 நாள் நீண்டது. 2025 அக்டோபர் 1-இல் தொடங்கியது 43 நாள்.

7. முதல் நாள்: வாசலும் அட்டையும்

மெட்ரோ பச்சைத் தடத்தில் வந்து, நிலையத்திலிருந்து பேருந்து பிடிக்க வேண்டும். பழைய வழிகாட்டிகளில் இருக்கும் பேருந்து எண்களை நம்பாதீர்கள். 2025 ஜூன் கடைசியில் வாஷிங்டன் வட்டார மெட்ரோ பேருந்துத் தடங்கள் எல்லாம் மாறிவிட்டன. 2025 ஜூலை முதல் காலேஜ் பார்க் கட்டடத்துக்குள் வேலை இருப்பவர்களை மட்டுமே விடுகிறார்கள். காவலரிடம் "ஆய்வுக்கு வந்திருக்கிறேன்" என்று தெளிவாகச் சொல்லுங்கள், கடவுச்சீட்டின் அசலைக் காட்டுங்கள். நகல் செல்லாது.

அட்டை எடுக்க 14 வயது நிரம்பியிருக்க வேண்டும். புகைப்படத்துடன் கூடிய அரசு அடையாளம் போதும். ஆவணத்தை எப்படிக் கையாள்வது என்ற சிறு பாடத்தைப் படித்துக் காட்டிவிட்டு, அங்கேயே படம் எடுத்து அட்டையைக் கொடுத்துவிடுவார்கள்.

8. உள்ளே எது போகும், எது போகாது

பை, மடிக்கணினி உறை, கோட்டு, பேனா, குறிப்பேடு, தண்ணீர் எதுவும் ஆய்வறைக்குள் போகாது. எல்லாம் லாக்கருக்கு. மடிக்கணினி, கைபேசி, கேமரா, சார்ஜர் போகலாம். பென்சிலும் தாளும் உள்ளேயே தருவார்கள். உங்கள் பெட்டிப் பட்டியலைக் காகிதமாகக் கொண்டு போனால் வாசலில் ஊழியர் முத்திரை குத்துவார். முத்திரை இல்லாத தாள் வெளியே வரும்போது தகராறு, ஆகவே பட்டியலைக் கணினியிலும் வைத்திருங்கள்.

அறை குளிரும். கோட்டு கூடாது, ஆனால் உடம்பில் போட்ட ஸ்வெட்டர் இருக்கலாம். நடக்கும் தூரத்தில் சாப்பாட்டுக் கடைகள் குறைவு. மதிய உணவைக் கட்டிக்கொண்டு போய் லாக்கரில் வையுங்கள்.

9. சீட்டு எழுதுதல்

பெட்டிகள் குறிப்பிட்ட நேரங்களில் மட்டுமே உள்கிடங்கிலிருந்து வரும். அன்றைய நேரப் பட்டியலை முதலில் பாருங்கள். ஒரு சுற்றைத் தவறவிட்டால் அடுத்த சுற்றுவரை கையைக் கட்டிக்கொண்டு உட்கார வேண்டியதுதான்.

சீட்டில் ஆர்ஜி எண், தொடரின் பெயர், என்ட்ரி எண் (காப்பகம் அந்தத் தொடருக்குக் கொடுத்த எண்), பெட்டி எண் ஆகியவற்றோடு கிடங்கின் இருப்பிட எண்ணும் வேண்டும். சாய்கோடு போட்ட நான்கு எண்கள்: கிடங்குப் பகுதி, வரிசை, பிரிவு, தட்டு. இது புத்தக அடிக்குறிப்பில் இருக்காது. ஆய்வறையில் உள்ள பட்டியல் கோப்புகளிலிருந்து, ஆவணக்காப்பாளரின் துணையோடு எடுக்க வேண்டும். முதல் நாள் காலை இதற்கே சரியாகிவிடும்.

ஒரு தள்ளுவண்டியில் 24 பெட்டிவரை வரும். ஒரே இருப்பிடத்தில் உள்ளவற்றைச் சேர்த்துக் கேட்டால் ஒரே சீட்டில் முடியும்.

10. மேசையில்

மேசைமேல் ஒரு பெட்டி, பெட்டியிலிருந்து ஓர் உறை. இந்த விதியில் விட்டுக்கொடுப்பே இல்லை. உறை இருந்த இடத்தைக் குறிக்கும் அட்டையைச் செருகிவிட்டு எடுங்கள். தாள்களின் வரிசை குலையக் கூடாது. குண்டூசியோ ஸ்டேப்ளர் ஊசியோ இடைஞ்சலாக இருந்தால் நீங்களே பிடுங்காதீர்கள், ஊழியரைக் கூப்பிடுங்கள். விரலை நாக்கில் தொட்டுப் புரட்டும் பழக்கம் உள்ளவர்கள் இப்போதே விட்டுவிடுங்கள். புகைப்படப் பிரிவில் கையுறை கொடுப்பார்கள்.

11. படம் எடுக்கும்போது

கேமராவின் ஃபிளாஷ் கூடாது. ஒரு காலத்தில் ரகசியமாக இருந்த கோப்பு என்றால், எந்தப் படமும் எடுக்குமுன் பெட்டியை ஊழியரிடம் காட்ட வேண்டும். ரகசியம் நீக்கப்பட்டதற்கான எண் எழுதிய சிறு துண்டுச்சீட்டைத் தருவார்கள். "ரகசியம்" என்று முத்திரை இருக்கும் ஆவணத்தை எடுக்கும் ஒவ்வொரு படத்திலும் அந்தச் சீட்டும் தெரிய வேண்டும். இதை மறந்து நூறு பக்கம் எடுத்துவிட்டால் நூறையும் மறுபடி எடுக்க வேண்டும்.

வரிசை: முதலில் பெட்டியின் முகப்புச் சீட்டு, அடுத்து உறையின் தலைப்பு, பிறகு ஆவணங்கள். பெட்டி மாறும்போதெல்லாம் இப்படியே. இதைச் செய்யாதவர்கள் ஊருக்குத் திரும்பி மூவாயிரம் படங்களை வைத்துக்கொண்டு எது எந்தப் பெட்டி என்று தெரியாமல் விழிக்கிறார்கள். அப்படிப்பட்ட ஆவணத்தை ஆய்வேட்டில் மேற்கோள் காட்டவே முடியாது. மேற்கோளுக்கு அனுப்பியவர், பெறுநர், தேதி, உறைத் தலைப்பு, பெட்டி எண், தொடர், ஆர்ஜி, காப்பகம் என்று அத்தனையும் தேவை. பின்பக்கத்தையும் புரட்டிப் பாருங்கள். அதிகாரிகளின் கைக்குறிப்பு பல சமயம் அங்கேதான் இருக்கும்.

அரசு அலுவலர் பணியில் எழுதிய ஆவணத்துக்கு அமெரிக்கச் சட்டப்படி பதிப்புரிமை இல்லை. கோப்புக்குள் ஒட்டிவைத்த செய்தித்தாள் கத்தரிப்பு, தனியார் கடிதம் ஆகியவற்றுக்கு அது பொருந்தாது. புத்தகத்தில் அச்சிடப் போகிறவர்கள் கவனிக்க.

12. தாளுக்குப் பதில் அறிவிப்பு இருந்தால்

சில உறைகளில் ஆவணம் இருந்த இடத்தில் "எடுக்கப்பட்டது" என்ற ஒற்றைத் தாள் இருக்கும். இன்னும் வெளியிடப்படாத ரகசியம் என்று பொருள். அந்த அறிவிப்பையும் படம் எடுங்கள். அதில் தேதி, அனுப்பியவர், பக்க எண்ணிக்கை இருக்கும். விடுவிக்கக் கேட்டு விண்ணப்பிக்க அதுவே ஆதாரம். தகவல் சுதந்திரச் சட்டத்தின்கீழ் வெளிநாட்டவரும் கேட்கலாம். சட்டத்தில் 20 வேலை நாள் என்று இருக்கிறது. ரகசியக் கோப்பு என்றால் ஆண்டுக்கணக்கில் ஆகும் என்று வைத்துக்கொண்டு, அதை நம்பி ஆய்வேட்டின் அத்தியாயத்தைத் திட்டமிடாதீர்கள். அதே தந்தியின் இன்னொரு பிரதி ஆர்ஜி 84-இலோ குடியரசுத் தலைவர் நூலகத்திலோ திறந்தே கிடப்பதும் உண்டு. முதலில் அங்கே பாருங்கள்.

13. அன்றன்றைக்கே

ஒரு நாளைக்கு ஆயிரம் படம் என்றால் நான்கைந்து ஜிபி. அன்று இரவே இரண்டு இடங்களில் நகல் வைத்து, பெட்டிவாரியாக அடைவுகளில் போட்டு, மங்கலாக விழுந்தவற்றைக் குறித்துக்கொள்ளுங்கள். வண்டியைத் திருப்பி அனுப்பச் சொல்லாமல் இருந்தால், மறுநாள் காலை அதே பெட்டியை எடுத்து அந்த ஒரு பக்கத்தை மறுபடி எடுத்துவிடலாம். மதுரைக்கோ யாழ்ப்பாணத்துக்கோ வந்தபிறகு கண்டுபிடித்தால் அந்த ஒரு பக்கத்துக்காகக் கூலிக்கு ஆள் தேட வேண்டிவரும்.